வாய் திறக்காத எழுத்துகள்

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அட்டையில் அந்த ரென் என்ற பெயரைப் பார்த்தால் முதல் எழுத்து டபிள்யூ. அதை யாரும் உச்சரிப்பதில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த புத்தகத்தின் வாசலிலேயே ஓர் எழுத்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. வகுப்பில் கேட்டால், "அது சைலன்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதுதான் பதில். ஏன் சைலன்ட், எப்போதிலிருந்து சைலன்ட் என்று கேட்டவனுக்குப் பெஞ்சின் மேல் இடம்.

பணி ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருந்ததால், அந்தப் பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, ஆங்கிலத்தில் எழுத்துகள் சும்மா ஊமையாகிவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலம், சில மனிதர்கள், சில சமயம் ஒரு பிடிவாதம், சில சமயம் ஒரு தப்பு இருக்கிறது.

கதைக்குள் போகும் முன் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்வோம். தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யும் ஒன்றாகிவிடும். ட்ரங்க் கால் போட்ட காலத்தில் ஆபரேட்டரிடம் 'பி ஃபார் பாம்பே', 'பி ஃபார் பூனா' என்று கத்துவோமே, அதையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். பாம்பே பி என்றால் ஏ-க்கு அடுத்தது. பூனா பி என்றால் ஓ-வுக்கு அடுத்தது.

முதலில் உண்மையாகவே ஒரு காலத்தில் பேசிய எழுத்துகள். குதிரை மேல் ஈட்டியோடு போகும் வீரனை ஆங்கிலத்தில் நைட் என்கிறோம். அதில் முதல் எழுத்து கே. நடுவில் ஜி, எச் என்று இரண்டு பேர். ஆக, மூன்று எழுத்துகள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருக்கின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இந்தச் சொல்லை ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்று சொன்னார்கள். க-வும் ஒலித்தது. நடுவில் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலியும் இருந்தது. பொருளும் வேறு: சிறுவன், எடுபிடி ஆள் என்றுதான் முதலில் அர்த்தம். ஆங்கிலத்தின் பங்காளியான ஜெர்மன் மொழியில் இன்றும் 'க்னெக்ட்' என்றால் வேலைக்காரன்தான். வேலைக்காரன் ஆங்கிலத்தில் குதிரை ஏறிப் பிரபு ஆகிவிட்டான். ஆனதும் கே-யின் குரல் போய்விட்டது.

முழங்காலுக்கு ஆங்கிலத்தில் 'நீ', ஜெர்மனில் 'க்னீ'. ஜெர்மன்காரர்கள் இன்றுவரை அந்த க-வை விடவில்லை. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் பெரும்பாலோர் வாயிலிருந்து அது உதிர்ந்துவிட்டது. கத்தி, முடிச்சு, முழங்கால், அறிதல் என்று கே-யும் என்-னும் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. கொசுவைப் போன்ற பூச்சியைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல்லில் முன்னால் நிற்கும் ஜி-யும், எழுதுதல் என்பதற்கான 'ரைட்'டில் நிற்கும் டபிள்யூவும் இதே குடும்பம்தான். நம் இலக்கணப் புத்தக ரென் என்ற பெயரும் ஒரு சின்னக் குருவியின் பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் டபிள்யூ நன்றாகவே ஒலித்தது.

அந்த ஜி-எச் ஜோடியின் கதை இன்னும் சுவையானது. இரவு, வெளிச்சம், மகள் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் எல்லாம் இந்த ஜோடி நடுவில் நிற்கிறது. தொண்டையில் பிறக்கும் அந்த ஒலியைப் பழைய ஆங்கிலேயர்கள் வேறு விதமாக எழுதினார்கள். 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுப் பழக்கத்தில் வளர்ந்த எழுத்தர்கள் கைக்கு எழுத்து வேலை போனது. அவர்கள் காதுக்கு அந்த ஒலி விசித்திரமாகப் பட்டது. நாளடைவில் ஜி-யையும் எச்-சையும் சேர்த்து அதற்கு அடையாளம் வைத்தார்கள். அப்புறம் தெற்கு இங்கிலாந்தில் அந்த ஒலியே தேய்ந்து மறைந்தது. சில சொற்களில் மட்டும் 'ஃப்' என்று மாறி நின்றது. சிரிப்புக்கு 'லாஃப்', இருமலுக்கு 'காஃப்' என்று சொல்கிறோமே, அது அந்தத் தொண்டை ஒலியின் பேரன். ஸ்காட்லாந்தில் ஏரியை 'லாக்' என்று சொல்லும்போது கடைசியில் வரும் செருமலைக் கேட்டால், பழைய இங்கிலாந்து எப்படி ஒலித்தது என்பது ஓரளவு பிடிபடும்.

நமக்கும் இது அந்நியமான விஷயமில்லை. 'மரம்' என்று எழுதுகிறோம். வீட்டில் பேசும்போது கடைசி ம் எங்கே போகிறது? மூக்கில் கொஞ்சம் ஒலித்துவிட்டுக் கரைந்துவிடுகிறது. 'அவன் வந்தான்' என்பதில் வரும் இரண்டு ன்-னும் அப்படித்தான். ஆனால் மேடையிலும் பாடப் புத்தகத்திலும் அந்த எழுத்துகளை முழுதாக உச்சரிக்கிறோம். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று நாம் இரண்டு வீடு வைத்துக்கொண்டதால் நம் எழுத்துகள் பிழைத்துக்கொண்டன. ஆங்கிலேயன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பேச்சை மாற்றினான், எழுத்தை மாற்றவில்லை. தேய்ந்து ஒலிப்பதற்கென்றே குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, அரை மாத்திரை என்று அளந்தும் வைத்த நம் இலக்கணக்காரர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பாக்கு, நாடு என்பவற்றின் கடைசி உகரம் தேய்கிறது என்று அவர்கள் கணக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு தொல்காப்பியர் வாய்க்கவில்லை.

ஆனால் ஏன் மாற்றவில்லை? இங்கேதான் வில்லியம் காக்ஸ்டன் வருகிறார். துணி வியாபாரியாக இருந்து அச்சுத் தொழிலுக்கு வந்தவர். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜஸ் நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஏறத்தாழ 30 ஆண்டு இருந்துவிட்டு, 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடம் அது. அச்சுக் கோக்கத் தெரிந்தவர்கள் இங்கிலாந்தில் அப்போது ஏது? கடல் கடந்து வந்தவர்கள்தான் உதவிக்கு இருந்தார்கள். பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற சொல்லில் ஜி-க்குப் பக்கத்தில் ஓர் எச் இருக்கிறது அல்லவா? பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. பிளெமிஷ் மொழியில் அந்தச் சொல்லை எச் போட்டு எழுதுவார்கள். காக்ஸ்டனின் அச்சுக்கூடத்தின் வழியாக அந்தப் பழக்கம் இங்கிலாந்துக்குள் வந்து குடியேறிவிட்டது. பெண்ணுக்கும் ஆட்டுக்கும்கூட அப்படி எச் ஒட்டிப் பார்த்தார்கள். அவை நிற்கவில்லை. பேய் மட்டும் எச்-சை விடவில்லை. பேய்க்கே உரிய குணம்.

காக்ஸ்டன் பட்ட பாட்டை அவரே 1490-இல் ஒரு புத்தகத்தின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிப் புறப்பட்ட சில வியாபாரிகள், காற்று இல்லாததால் வழியில் கரை இறங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்பவர் ஒரு வீட்டில் போய் முட்டை கேட்டார். 'எக்ஸ்' என்று வடக்கத்திப் பேச்சில் கேட்டார். அந்த வீட்டு அம்மாள், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டாள். தனக்கும்தான் பிரெஞ்சு தெரியாது என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு இன்னொருவர் 'எய்ரன்' என்று தெற்கத்திச் சொல்லைச் சொல்லிக் கேட்க, அவளுக்குப் புரிந்தது. ஒரே நாட்டுக்குள் ஒரு முட்டை வாங்க இவ்வளவு பாடு. இப்படி இருக்கும்போது நான் எந்தச் சொல்லை அச்சில் எழுதுவது என்று காக்ஸ்டன் அங்கலாய்க்கிறார். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்.

அச்சு வந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. ஒரே நாளில் நடந்ததல்ல. ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகள் ஆயின. கோளாறு என்னவென்றால், அந்த இரு நூறு ஆண்டுகளில்தான் ஆங்கில உச்சரிப்பு தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. 'நேம்' என்ற சொல்லைச் சாசர் காலத்தில் 'நாம' என்பது போல இரண்டு அசையாகச் சொன்னார்கள். கடைசி அசை உதிர்ந்தது, முதல் அசையின் ஆ மெல்ல ஏ ஆனது, கடைசியில் இ என்ற எழுத்து மட்டும் காலியான வீட்டுக்குக் காவல் நிற்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் ரயிலைப் புகைப்படம் எடுத்து, அதைச் சுவரில் மாட்டி, ரயில் இங்கேதான் நிற்கிறது என்று சொன்னது போல ஆயிற்று.

இதுவரை சொன்னது இயற்கையாக நடந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்து வருவதுதான் என்னைப் பொறுத்தவரை அநியாயம்.

நான் வேலை பார்த்தது ஒரு வங்கியில். பல வருடம் காசாளர். டெபிட், டெப்ட், ரிசீட் என்ற மூன்று சொற்களையும் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. டெபிட்டில் பாம்பே பி ஒலிக்கிறது. கடனைக் குறிக்கும் டெப்ட் என்ற சொல்லிலும் அதே பாம்பே பி இருக்கிறது, ஆனால் உச்சரிப்பு 'டெட்'. ரிசீட்டில் பூனா பி இருக்கிறது, ஒலிப்பதில்லை. இந்த இரண்டு எழுத்துகளும் நைட்டின் கே-யைப் போலப் பேசிப் பேசி ஓய்ந்தவை அல்ல. ஆங்கிலத்தில் இவை ஒரு நாளும் பேசியதே இல்லை.

கடனுக்கான சொல்லை ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து வாங்கினார்கள். அங்கே அது 'டெட்'. பி கிடையாது. சாசர் காலத்தில் பி இல்லாமல்தான் எழுதினார்கள். சொன்னபடி எழுதினார்கள், எழுதியபடி சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் மோகம் வந்தது. படித்தவர்களுக்கு லத்தீன்தான் தேவபாஷை. இந்தச் சொல்லின் பாட்டன் லத்தீனில் 'டெபிட்டும்' ஆயிற்றே, அதில் பி இருக்கிறதே, பேரனுக்கு இல்லாமல் போவதா என்று ஒரு பாம்பே பி-யைக் கொண்டுவந்து நடுவில் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்'டுக்கும் அப்படியே. அதன் லத்தீன் மூலம் 'டுபிடாரே'. ரிசீட்டுக்கு 'ரெசெப்டா' என்ற லத்தீன் மூலத்தைக் காட்டிப் பூனா பி. மீனைக் குறிக்கும் 'சாமன்' என்ற சொல்லில் ஓர் எல். வாய்க்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. எழுத்தைப் பார்த்தவுடன், எழுதியவருக்கு லத்தீன் தெரியும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் சொல்லில் அந்தப் பி-யைச் சில காலம் வைத்து எழுதிப் பார்த்தார்கள். பிறகு, ஒலிக்காத எழுத்து எதற்கு என்று தூக்கிவிட்டார்கள். இன்று பிரெஞ்சில் கடனுக்குப் பி கிடையாது. பிரெஞ்சிலும் ஊமை எழுத்துகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் புத்திசாலிகள்.

ஷேக்ஸ்பியருக்கே இது சிரிப்பாக இருந்திருக்கிறது. 1598-இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னிஸ் என்று ஒரு வாத்தியார் வருகிறார். டவுட், டெப்ட் ஆகிய சொற்களில் பி-யை உச்சரிக்காதவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எழுத்தில் இருப்பதை ஏன் விழுங்குகிறான் என்று பொரிந்து தள்ளுகிறார். அந்தப் பி சமீபத்தில்தான் செருகப்பட்டது என்பது அவர் நினைவில் இல்லை. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பாருங்கள், நாடகத்தில் கோமாளியாக வந்தவர் கட்சிதான் எழுத்தில் ஜெயித்தது.

லத்தீன் தெரிந்தவர்கள் சரியாகத் தெரிந்துகொண்டாவது செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. தீவுக்கு ஆங்கிலத்தில் 'ஐலண்ட்'. நடுவில் ஓர் எஸ். பழைய ஆங்கிலத்தில் அது 'ஈக்லண்ட்', 'ஈலண்ட்' என்பது போன்ற சொந்த நாட்டுச் சொல். லத்தீனோடு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. தீவுக்கே 'ஐல்' என்று வேறொரு சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீனில் 'இன்சுலா'. அங்கே எஸ் உண்டு. இரண்டு சொல்லும் ஒரு குடும்பம் என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஐலண்டுக்கும் எஸ் போட்டுவிட்டார்கள். கத்தரிக்கோலுக்கான சொல்லில் எஸ்-ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சி-யும் இப்படித் தவறான லத்தீன் பாட்டனைக் காட்டி வந்ததுதான். ஸ்காட்லாந்தில் டார்மிகன் என்று ஒரு பறவை. அது அந்த ஊர் கேலிக் மொழிச் சொல். யாரோ ஒரு படித்தவர் அதைக் கிரேக்கம் என்று எண்ணி முன்னால் பூனா பி-யை வைத்தார், இன்றும் நிற்கிறது. 'குட்' என்ற துணைவினையில் எல் எப்படி வந்தது? 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் எல் இருக்கிறதே, மூன்றும் வரிசையாக இருக்கட்டும் என்று வந்தது. அது லத்தீன்கூட இல்லை, வெறும் அழகுக்கு.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோது இவற்றைச் சீர் செய்திருக்கலாம். அவர் வழக்கத்தில் இருந்ததையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ரிசீட்டுக்குப் பூனா பி உண்டு என்றார். ஏமாற்றுதலைக் குறிக்கும் 'டிசீட்' அதே மாதிரிப் பிறந்த சொல், அதற்குப் பி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்க ஆளில்லை. நம் ஊரில் 'ரசீது' என்பதை ரிசீட்டின் திரிபு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'வந்து சேர்ந்தது' என்று பொருள். எழுதியபடி படிக்கலாம், யாரையும் தேர்வில் தோற்கடிக்காது.

தோற்கடிக்காது என்று சும்மா சொல்லவில்லை. 70-களில் நான் இருந்த கிளையில் ஓர் அட்டெண்டர் இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பத்தார் இருக்கிறார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பிறகு தானாகப் படித்துப் பள்ளி இறுதித் தேர்வும் எழுதித் தேறியிருந்தார். நாள் கணக்கில் வட்டி போடுவதில் கிளையில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் காகிதத்தில் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே வாயால் சொல்லிவிடுவார். எழுத்தர் பதவி உயர்வுக்கு உள் தேர்வு வந்தது. ஆங்கில டிக்டேஷனும் உண்டு. மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் அதிலேயே போனது. விடைத்தாளைக் காட்டமாட்டார்கள், ஆனால் தான் எப்படி எழுதினேன் என்பதை அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ரிசீட்டில் பூனா பி இல்லை. டெப்ட்டில் பாம்பே பி இல்லை. டவுட்டிலும் இல்லை. ஐலண்டில் எஸ் இல்லை.

"நீங்களே சொல்லுங்க சார், அந்த எழுத்த யாராச்சும் வாசிக்கிறாங்களா? வாசிக்காத எழுத்த நான் எதுக்கு சார் எழுதணும்?" என்றார்.

பதில் சொல்ல என்னிடம் அன்று ஒன்றுமில்லை, யாரிடமும் இருந்திருக்காது. நான்காம் தடவை அவர் எழுதவில்லை. அட்டெண்டராகவே ஓய்வு பெற்றார், சில வருடங்களில் இறந்தும் போனார். இந்த வரலாற்றைப் படிக்கும்போது அவர் எழுதிக் காட்டிய தாள்தான் எனக்கு நினைவில் வந்தது. அவர் எழுதிய அந்த நான்கு சொற்களையும் 14ஆம் நூற்றாண்டு லண்டனில் ஓர் எழுத்தரிடம் காட்டியிருந்தால், எந்த எழுத்து குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. அங்கே யாரோ லத்தீன் படித்த பெருமைக்குச் செருகிய எழுத்துக்கு, இங்கே ஒரு மனிதர் முப்பது வருடச் சம்பள வித்தியாசத்தைக் கொடுத்தார். வட்டி போட்டால் எவ்வளவு வரும் என்று அவரே சொல்லியிருப்பார்.

இங்கிலாந்திலேயே இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. செருகல்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1569-இல், ஜான் ஹார்ட் என்பவர் ஒரு புத்தகம் எழுதி, ஒலிக்காத எழுத்துகள் வீண் சுமை என்று வாதாடினார். யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் கொஞ்சம் சாதித்தார். 'ஹானர்' போன்ற சொற்களில் இருந்த யு-வை எடுத்தார், 'மியூசிக்' கடைசியில் அப்போது இருந்த கே-யை எடுத்தார். நாக்குக்கும் பெண்களுக்கும்கூட ஒலிக்கிறபடி எழுத்து வைத்துப் பார்த்தார். அவை எடுபடவில்லை.

1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே இறங்கினார். எழுத்தைச் சுருக்க ஒரு வாரியம் ஏற்பட்டிருந்தது, அதற்குப் பணம் கொடுத்தவர் எஃகு வியாபாரத்தில் கோடி கோடியாகச் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி. அந்த வாரியம் கொடுத்த 300 சொற்களை இனி இப்படித்தான் அச்சிட வேண்டும் என்று அரசு அச்சகத்துக்கு ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டே தீர்த்துவிட்டன. அந்த டிசம்பரிலேயே பிரதிநிதிகள் சபை 142-க்கு 24 என்ற கணக்கில் எதிர்த்து ஓட்டுப் போட, அவர் பின்வாங்கினார். பனாமா கால்வாயை வெட்டவைத்த மனிதரால் ஒரு ஜி-எச்சை வெட்ட முடியவில்லை.

பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் 1949-இல் மாண்ட் ஃபாலிக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் எழுத்துச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். 84-க்கு 87, மூன்றே ஓட்டில் தோற்றது. பெர்னார்ட் ஷா 1950-இல் இறந்தபோது, ஆங்கிலத்துக்குப் புத்தம் புதிய எழுத்து முறை உண்டாக்கத் தன் உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய், கடைசியில் கிடைத்த சிறு தொகையில் ஒரு புது எழுத்து முறை தயாரானது. 1962-இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சாகி வந்தது. அதோடு சரி.

ஏன் யாராலும் முடியவில்லை? ஒரு காரணம், ஆங்கிலத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. உத்தரவு போட ஒரு சபை இல்லை. இன்னொன்று, உச்சரிப்பை வைத்து எழுதுவது என்றால் யாருடைய உச்சரிப்பை? லண்டன்காரருடையதா, ஸ்காட்லாந்துக்காரருடையதா, டெக்சாஸ்காரருடையதா? நம்மிடம் 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு உத்தரவு போட்டது, பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் பயன்படுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாம் மறைந்தன. எழுதிப் பழகிய நம் தலைமுறைக்குச் சில நாள் கை தடுமாறியது, அவ்வளவுதான். ஆனால் நாம் மாற்றியது எழுத்தின் உருவத்தைத்தான், சொல்லின் எழுத்துக் கூட்டலை அல்ல. 'மரம்' என்பதை இனி 'மரோ' என்று எழுதுங்கள் என்று ஓர் உத்தரவு வந்திருந்தால் நாமும் சும்மா விட்டிருக்கமாட்டோம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்திடுவதற்கு 'சைன்' என்கிறோம், ஜி ஊமை. அதுவே 'சிக்னேச்சர்' ஆகும்போது ஜி பேசிவிடுகிறது. தசைக்கு 'மஸ்ஸில்' என்னும்போது சி ஊமை, 'மஸ்குலர்' என்னும்போது பேசுகிறது. எழுத்தை எடுத்துவிட்டால் இந்த உறவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். டெப்ட்டைப் பார்த்ததும் டெபிட் நினைவுக்கு வருவதும் அந்தப் பி-யால்தான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்தவனுக்கு அது உதவிதான். படிக்க வருகிறவனுக்கு அது வாசலில் கிடக்கும் கல். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் அட்டெண்டர் பக்கம்.

இங்கே இன்னொரு வேடிக்கை நடக்கிறது. ஆங்கிலேயன் காதால் கற்ற மொழியை நாம் பெரும்பாலும் கண்ணால் கற்றோம். அதனால் அவன் விழுங்கிய எழுத்துகளை நாம் வெளியே எடுத்துவிடுகிறோம். புதன்கிழமையில் வோடன் என்ற பழைய தெய்வத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 'வென்ஸ்டே' என்று சொல்லி அதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். நம் பள்ளிகளில் 'வெட்னஸ்டே' என்று முழுசாகவே சொன்னோம். குழாய் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்கு லத்தீனில் 'ப்ளம்பும்'. வேதியியலில் ஈயத்துக்கு வைத்த குறியீட்டில் வரும் பூனா பி, பாம்பே பி இரண்டும் அதிலிருந்து வந்தவைதான். அந்தக் காலத்தில் குழாய்கள் ஈயத்தால் ஆனதால், அந்த வேலைக்காரருக்கும் அந்தப் பெயர். இங்கிலாந்தில் 'ப்ளமர்' என்றுதான் சொல்கிறார்கள், பாம்பே பி வாயைத் திறப்பதில்லை. நம் தெருவில் யாரைக் கேட்டாலும் 'பிளம்பர்'தான். போன வாரம் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் ஒழுக்கு என்று வந்தவரும், கைபேசியில் பேசும்போது "பிளம்பர் பேசுறேன் சார்" என்றே சொன்னார். பி கணீரென்று கேட்டது. ஈயம்தான் இல்லை, எல்லாம் பிவிசி குழாய்.